அறையில் சொன்னது எங்கே போகிறது? பழகுதிறன் பயிற்சியும் உளவியல் பாதுகாப்பும்

1. கேள்வி

நிறுவனங்களில் நடக்கும் பழகுதிறன் (சாஃப்ட் ஸ்கில்ஸ்) வகுப்புகளின் முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருப்பார்கள். செல்போனை சைலண்ட்டில் வைக்கச் சொல்வார்கள். பிறகு பயிற்சியாளர், இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது, யாரும் யாரையும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தாராளமாகப் பேசலாம் என்று அறிவிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் மனிதவளத் துறை மேலாளர் ‘சும்மா பார்த்துட்டுப் போக’ வந்து உட்கார்ந்திருப்பார்.

தவறாகப் பேசினாலும், தெரியாது என்று ஒப்புக்கொண்டாலும், மாற்றுக் கருத்துச் சொன்னாலும் அவமானமோ தண்டனையோ வராது என்று ஒரு குழுவில் உள்ளவர்கள் நம்புவதை உளவியல் பாதுகாப்பு என்கிறார்கள். பயிற்சியாளரின் அந்தத் தொடக்க அறிவிப்பு இந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான். அறிவித்து உண்டாக்கக்கூடியதா அது? இல்லையென்றால் எதிலிருந்து உண்டாகிறது?

மற்றப் பயிற்சிகளைவிடப் பழகுதிறன் பயிற்சிக்கு இந்தக் கேள்வி நெருக்கமானது. எக்செல் வகுப்பில் ஃபார்முலாவைத் தப்பாக அடித்தால் தப்பு ஃபார்முலாவோடு போகும். கோபத்தோடு வந்திருக்கும் வாடிக்கையாளரிடம் பேசிக்காட்டச் சொல்லும்போது தடுமாறினால், தடுமாறுவது ஆளின் குரல், ஆளின் ஆங்கிலம், ஆளின் முகம். அதை இருபது பேர் பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் திங்கட்கிழமை பக்கத்து மேசையில் இருப்பவர்கள். ஒருவர் அடுத்த அப்ரைசலில் கையெழுத்துப் போடப்போகிறவர்.

பயிற்சி அறையின் பாதுகாப்புக்குப் பயிற்சியாளரின் கனிவு போதாது என்பது என் வாதம். அறையில் நடந்ததை யார், எங்கே, எதற்காகப் பயன்படுத்த முடியும் என்பதும், அங்கே நேரும் முதல் தடுமாற்றத்துக்கு என்ன கதி ஆகிறது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்தத் துறையின் வரலாற்றையே சாட்சியாக வைத்து இதைப் பார்க்கலாம்.

2. கருத்து போய்த் திரும்பிய வழி

உளவியல் பாதுகாப்பு என்ற தொடரைக் கேட்டவுடன் இன்று நினைவுக்கு வரும் பெயர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஏமி எட்மண்ட்சன். 1996இல் அவர் வெளியிட்ட ஆய்வு மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றியது. ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இயங்கும் செவிலியர் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்கள் அதிகம் பிழை செய்யவில்லை, பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து இக்கருத்தை அளவிடக்கூடியதாக்கினார். பின்னர் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்து இதையே முதன்மைக் காரணியாகச் சொல்ல, தொடர் உலகமெங்கும் பரவியது. 2017இல் ஃப்ரேஸியரும் உடன் ஆய்வாளர்களும் 136 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பாதுகாப்பு உணர்வுக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டது.

ஆனால் கருத்து எட்மண்ட்சனிடம் தொடங்கவில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கார்ல் ரோஜர்ஸ் 1954இல் படைப்பாற்றலைப் பற்றி எழுதும்போதே இதே தொடரைப் பயன்படுத்தினார். எட்கர் ஷைனும் வாரன் பென்னிஸும் 1965இல் எழுதிய நூலில் இது முக்கிய இடம் பெறுகிறது. அந்த நூலின் பொருள் அலுவலகக் குழுக்கள் அன்று. மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் முறையைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சிக் குழுக்கள். அதாவது பயிற்சி அறையில் வளர்ந்த கருத்து, அலுவலகம் போய் அளவுகோலும் புள்ளிவிவரமும் பெற்று, இன்று மீண்டும் பயிற்சி அறைக்கு வந்திருக்கிறது. வந்த வழியில் ஒரு பாதியைத் தவறவிட்டுவிட்டது.

தவறிய பாதி இது. மனிதர் மாறுவதற்கு முதலில் தன்னைப் பற்றிய அவருடைய எண்ணம் ஆட்டங்காண வேண்டும் என்பது ஷைனின் பார்வை. ‘நான் நன்றாகக் கேட்கத் தெரிந்தவன்’ என்று நினைத்திருப்பவருக்கு, தான் பிறரை இடைமறித்துக்கொண்டே இருப்பது தெரியவர வேண்டும். அது பதற்றம் தரும். அந்தப் பதற்றத்தைத் தாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்ளாமல் இருக்கும் அளவுக்குத் தேவைப்படுவதே பாதுகாப்பு. ஆட்டங்காணல் இல்லாத பாதுகாப்பை அவர் பேசவில்லை. இன்றைய பயிற்சிக் கையேடுகளிலோ பாதுகாப்பு என்பது பெரும்பாலும் சௌகரியமாகச் சுருங்கிவிட்டது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமல், எல்லோரையும் கைதட்டிப் பாராட்டி, மதியச் சாப்பாட்டோடு கலையும் வகுப்பில் சங்கடத்துக்கு இடமில்லை, கற்றலுக்கும் இடமில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எட்மண்ட்சன் ஆராய்ந்தவை நாள்தோறும் சேர்ந்து வேலை பார்க்கும் குழுக்கள். அங்கே நம்பிக்கை மாதக்கணக்கில், சம்பவம் சம்பவமாகச் சேர்கிறது. இரண்டு நாள் பயிற்சிக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே அந்த ஆய்வு முடிவுகளை அப்படியே எடுத்துப் பயிற்சி அறையில் பொருத்துவது சரியாகாது.

3. நியூ பிரிட்டன், 1946

பழகுதிறன் பயிற்சியின் நவீன வடிவம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் ஊரின் ஆசிரியர் கல்லூரியில், 1946 கோடையில் தற்செயலாகப் பிறந்தது. மாநிலத்தின் இன உறவுகளுக்கான ஆணையம், இன வெறுப்பை எதிர்கொள்ளும் திறனை ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் கற்றுத்தர விரும்பியது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த உளவியலாளர் கர்ட் லெவினிடம் உதவி கேட்டார்கள். ரொனால்ட் லிப்பிட், லேலண்ட் பிராட்ஃபோர்ட், கென்னத் பென் ஆகியோர் அவரோடு சேர்ந்தனர்.

பகலில் குழு விவாதங்கள் நடந்தன. ஆய்வு மாணவர்கள் ஓரமாக உட்கார்ந்து, யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்று குறிப்பெடுத்தார்கள். இரவில் பயிற்சியாளர்களும் குறிப்பெடுத்தவர்களும் மட்டும் கூடி அந்தக் குறிப்புகளை அலசுவது ஏற்பாடு. ஓர் இரவு பங்கேற்பாளர் சிலர், நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார்கள். உடனிருந்தவர்கள் தயங்கினார்கள், லெவின் சரி என்றார். தன்னைப் பற்றிய குறிப்பு வாசிக்கப்பட்டதும் ஒரு பெண்மணி குறுக்கிட்டு, அப்படி நடக்கவே இல்லை என்று மறுத்தார். குறிப்பெடுத்தவர் தான் கண்டதைச் சொன்னார். வாக்குவாதம் வளர்ந்தது. அடுத்தடுத்த இரவுகளில் கூட்டம் பெருகியது. பகல் வகுப்பைவிட இரவு வாக்குவாதத்தில்தான் மனிதர்கள் தங்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புலப்பட்டது.

பின்னூட்டத்தின் பிறப்புக் கதையாக இது பயிற்சித் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பெண்மணிக்கு யாரும் பாதுகாப்பு அறிவிப்புச் செய்யவில்லை. ஆனால் தன்னைப் பற்றிப் பேசப்படும் இடத்தில் அவர் இருந்தார். பேசப்பட்டது என்ன என்பது அவர் காதில் விழுந்தது. மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. மறுத்ததால் அவருக்கு எந்த நஷ்டமும் வரவில்லை. இந்த நான்கும் கூடி வந்ததால்தான் அவ்வளவு சங்கடமான பேச்சு தாங்கக்கூடியதாயிற்று. இன்று பயிற்சி முடிந்தபின் ‘பங்கேற்பாளர் மதிப்பீடு’ என்று ஓர் அறிக்கை மூடிய உறையிலோ மின்னஞ்சலிலோ நிர்வாகத்துக்குப் போகும் இடங்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை.

லெவின் 1947 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கோடையில் அவருடைய கூட்டாளிகள் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் முதல் பயிற்சி முகாமை நடத்தினார்கள். அங்கே கையாண்ட குழுமுறையே பின்னர் டி-குரூப் (பயிற்சிக் குழு) எனப் பெயர்பெற்றது. அலுவலகத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் விலகிய இடமாகப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்களைச் சேர்ப்பது, ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு பிரிவினரைச் சேர்ப்பது, மேலதிகாரியும் கீழ்ப்பணியாளருமாக ஒரே பிரிவையே உட்காரவைப்பது எனக் குழுக்களை வகைபிரித்தே பேசும் பழக்கமும் பிறகு வந்தது. யார் அருகில் யார் உட்கார்கிறார்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவு திறக்கலாம் என்பதும் மாறும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் ஊர் வகுப்புகளில் இந்தப் பிரிவினை அநேகமாக யோசிக்கப்படுவதே இல்லை; அன்றைக்கு ஷிஃப்ட்டில் இல்லாதவர்கள் வகுப்பில் இருப்பார்கள்.

4. வசீகரம் விளைவித்த சேதம்

1960களில் டி-குரூப் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது உருமாறியது. என்கவுன்ட்டர் குழு என்ற பெயரில் (நம் காவல்துறை வழக்கோடு இதற்குத் தொடர்பில்லை) மனத்தில் இருப்பதைக் கொட்டுவதே நோக்கமாயிற்று. இங்கே மனம்விட்டுப் பேசலாம் என்ற வாக்குறுதி மிக உரத்துச் சொல்லப்பட்ட காலம் அது. அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதை முறையாக அளந்தவர்கள் மார்ட்டன் லீபர்மன், இர்வின் யாலம், மேத்யூ மைல்ஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை 18 குழுக்களாகப் பிரித்து, பல்வேறு மரபுகளைச் சேர்ந்த அனுபவமுள்ள தலைவர்களிடம் ஒப்படைத்துப் பின்தொடர்ந்தார்கள். 1973இல் நூலாக வந்த இந்த ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது.

பலர் பயனடைந்தார்கள். ஆனால் 16 பேர், குழுவில் பங்கேற்றதாலேயே நீடித்த உளப் பாதிப்புக்கு உள்ளானதாகக் கணிக்கப்பட்டது. அந்தப் பாதிப்பு எல்லாக் குழுக்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஆக்ரோஷமும் வசீகரமும் ஒருங்கே கொண்ட, தனியாளைக் குறிவைத்து ஊடுருவும் பாணித் தலைவர்களின் குழுக்களில் மிகுந்திருந்தது. இத்தலைவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். தாராளமாக ஆதரவும் காட்டினார்கள் என்பது ஆய்வின் கூர்மையான பகுதி. தலைவரின் அன்பு பாதிப்பைத் தடுக்கவில்லை.

அதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. யார் பாதிக்கப்பட்டார் என்று கண்டறியப் பல வழிகளைக் கையாண்டார்கள். தலைவர்களைக் கேட்டது அதிகம் உதவவில்லை. சக பங்கேற்பாளர்களைக் கேட்டதுதான் உதவியது. பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தெரிந்தது, குழுவை நடத்தியவருக்குத் தெரியவில்லை. வகுப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று பயிற்சியாளரே முடிவுசெய்து அறிக்கை எழுதும் வழக்கத்துக்கு இதைவிட வலுவான ஆட்சேபம் இருக்க முடியாது. வகுப்பின் முடிவில் ஐந்து நட்சத்திரப் படிவத்தைக் கொடுத்து வாங்குவதும் இதற்கு மாற்றாகாது. படிவத்தைப் பயிற்சியாளர் கையில்தானே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுக்கு எதிர்வாதமும் உண்டு. அது உணர்ச்சிக் குழுக்களைப் பற்றியது, வாடிக்கையாளரிடம் பேசக் கற்றுத்தரும் வகுப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தீவிரத்தில் வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் பொறிமுறை ஒன்றுதான்: ஒருவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் பார்க்க, அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பேசுவது.

5. நிறுத்தி, பின்னால் போய், மறுபடி

அந்தப் பொறிமுறையை அதிகம் பக்குவப்படுத்தியவர்கள் மருத்துவ ஆசிரியர்கள். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மருத்துவ மாணவருக்குக் கற்றுத்தரும் முறையை ஹோவார்ட் பாரோஸ் 1963இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். பிரிட்டனில் பெண்டில்டனும் சகாக்களும் 1984இல் பின்னூட்டத்துக்கு ஒரு வரிசை வகுத்தார்கள். முதலில் செய்தவரே தான் நன்றாகச் செய்ததைச் சொல்ல வேண்டும், பிறகு மற்றவர்கள், அதற்குப் பிறகே, எதை வேறுவிதமாகச் செய்யலாம் என்பது. பாய்ந்து குதறுவதை அது கட்டுப்படுத்தியது. ஆனால் நாளடைவில் பாராட்டுப் பகுதி வெறும் சடங்காகியது. ‘ஆனா...’ எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பின்னர் கேல்கரி - கேம்பிரிட்ஜ் வழிகாட்டியை உருவாக்கிய சில்வர்மன், கர்ட்ஸ், டிரேப்பர் ஆகியோர் வரிசையை மாற்றினார்கள். செய்தவரிடம், எங்கே சிக்கல் வந்தது, எதற்கு உங்களுக்கு உதவி வேண்டும் என்று கேட்டுத் தொடங்குவது அவர்கள் முறை. குழு அந்தக் கேள்விக்கு மட்டும் உழைக்கும்.

பார்க்கும்போது சின்ன மாற்றம். அதன் விளைவை நான் கண்ட ஓர் அமர்வைக் கொண்டு சொல்கிறேன். பயிற்சி மருத்துவர் ஒருவர், புற்றுநோய் பரவிவிட்ட ஒரு தாயின் மகனிடம் பேச வேண்டும். மகனாக நடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். உட்கார்ந்ததுமே, “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்றார். நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் தினமும் கேட்கிற வாக்கியம். மாணவர் அதைக் கடந்து, “சரி, அதை நாங்க பார்த்துக்கறோம். பயாப்ஸி ரிப்போர்ட்ல மெட்டாஸ்டாஸிஸ்...” என்று வேகமாகப் போனார். எதிரே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாணவரின் குரல் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

நடத்தியவர் சிரிப்பைக் கண்டிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “எந்த இடத்துலேர்ந்து மறுபடி பண்ணிப் பார்க்கணும்?” என்று மட்டும் கேட்டார். மாணவர் யோசித்து, “சொல்லிடாதீங்கன்னாரே, அங்கேர்ந்து” என்றார். அதே வாக்கியம் மறுபடி சொல்லப்பட்டது. இந்த முறை மாணவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “ஏன் சொல்ல வேணாம்னு நினைக்கிறீங்க?” என்றார். “போன வருஷம்தான் அப்பா போனாரு” என்று பதில் வந்தது. நடிப்பவரிடம் கொடுத்திருந்த அட்டையில் அந்த விவரம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. முதல் முறை அதைக் கேட்க ஆள் இல்லை.

சிரித்தவர் அடுத்ததாகத் தானே முன்வந்து உட்கார்ந்தார். மறுவாய்ப்பு அந்த அறையில் என்ன செய்தது என்பதற்கு அது போதும். தடுமாற்றம் அவமானமாக முடியாமல், திரும்பிப்போகக்கூடிய ஓர் இடமாக மாறியதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த ரூடால்ஃப், ரீமர், சைமன் ஆகியோர் 2014இல் மருத்துவப் பாவனைப் பயிற்சி பற்றி எழுதிய கட்டுரை, எதிர்பார்ப்புகளைத் தெளிவாக்குவது, இது பாவனை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்வது எனத் தொடக்க ஏற்பாடுகளை வலியுறுத்துகிறது. அவையும் தேவைதான். ஆனாலும் பங்கேற்பாளர்கள் எடை போடுவது முதல் ஆள் தடுக்கி விழும்போது நடப்பதை வைத்துத்தான் என்று நான் கருதுகிறேன்.

பின்னூட்டம் கொடுத்தாலே நல்லது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. க்ளூகரும் டெனிஸியும் 1996இல் 607 விளைவு அளவுகளைத் தொகுத்தபோது, சராசரியில் பின்னூட்டம் பயன் தந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி ‘நான்’ என்பதை நோக்கி நகரும்போது பயன் தேய்கிறது என்பது அவர்கள் விளக்கம். ‘எந்த இடத்திலிருந்து?’ என்ற கேள்வி வேலையைப் பார்க்கிறது. ‘ஏன் இப்படிப் பதற்றப்படறீங்க?’ என்பது ஆளைப் பார்க்கிறது.

6. நம் அறைகள்

தமிழ்நாட்டுப் பயிற்சி அறைகளில் இன்னும் சில சிக்கல்கள் கூடுகின்றன. அந்நியத்தைப் போக்க ஐஸ்பிரேக்கர் என்று ஒன்று நடக்கும்: பெயர், சொந்த ஊர், குடும்பம், அப்பா என்ன செய்கிறார். வெளிநாட்டுக் கையேட்டில் இவை தீங்கற்ற கேள்விகள். இங்கே, ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதியை மறைத்தே நகரத்தில் வீடு பிடித்தவருக்கு அந்தப் பத்து நிமிடமே வகுப்பின் மிக ஆபத்தான பகுதி. பாதுகாப்புக்கென்று செய்யும் ஏற்பாடே அதைக் குலைக்கிறது.

ஆங்கிலம் இன்னொன்று. மாவட்டக் கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் ரோல் பிளேயில் இலக்கணம் தவறும்போது எழும் சிரிப்பு, அவர் அந்த வாடிக்கையாளரை எவ்வளவு பொறுமையாகச் சமாளித்தார் என்பதை மூடிவிடுகிறது. முதல் சுற்றைத் தமிழில் செய்யவைத்து, திறன் பிடிபட்டபின் மொழியை மாற்றலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை, செய்பவர்கள்தான் குறைவு.

மேலதிகாரி பற்றியது எல்லாவற்றிலும் கடினம். டெட்டர்ட்டும் எட்மண்ட்சனும் 2011இல், மேலிடத்தைப் பலர் முன்னால் சங்கடப்படுத்தக் கூடாது என்பது போன்ற எழுதப்படாத விதிகளை மனிதர்கள் வேலைக்குச் சேருமுன்பே மனத்தில் கொண்டுவருகிறார்கள் என்று காட்டினார்கள். அமெரிக்க அலுவலகங்களில் கண்டது அது. ‘சார்’ உள்ளே வந்தால் எழுந்து நிற்கும் பழக்கத்தோடு பள்ளியிலிருந்து வந்தவர்களிடம் அந்த விதிகள் எவ்வளவு ஆழமாக இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மேலதிகாரி ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் தீங்கில்லை என்று வாதிடலாம். அவர் நல்லவரா என்பது பிரச்சினை ஆகாது. பார்த்ததை அவரால் மறக்க முடியாது.

வகுப்புக்கு வெளியே நடப்பதைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் ஃபோர்மேன்களுக்கு மனித உறவுப் பயிற்சி அளிக்கப்பட்டதை எட்வின் ஃப்ளைஷ்மன் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். பயிற்சிப் பள்ளியில் இருந்தவரை கீழுள்ளவர்களிடம் பரிவு காட்ட வேண்டும் என்ற மனப்பான்மை கூடியது. தொழிற்சாலைக்குத் திரும்பியதும், அவரவர் மேலதிகாரி எப்படியோ அப்படியே ஃபோர்மேனும் நடந்துகொண்டார். அறையில் எவ்வளவு பாதுகாப்பு இருந்தாலும் வெளியே உள்ள அதிகார ஏற்பாடு அப்படியே இருந்தால் கற்றது வாசலைத் தாண்டுவதில்லை.

இந்தியாவில் இக்கேள்வி இப்போது மிகக் கூர்மையாக எழும் இடம் மருத்துவக் கல்லூரி. 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படைப் பாடத்திட்டத்தில், மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவற்றுக்கான ‘ஏட்காம்’ பகுதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நோயாளியிடம் பேசுவதை ஒரு பாடமாக ஏற்றது பெரிய முன்னேற்றம். ஆனால் பயிற்சியைப் பதியும் லாக் புத்தகத்தில் கையெழுத்திடுபவர், உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடுபவர், ரோல் பிளே நடத்துபவர் என்று எல்லாம் பெரும்பாலும் அதே துறையின் அதே ஆசிரியர்தான். மாணவர் அவர் முன்னால் தடுமாறலாமா கூடாதா என்பதை லாக் புத்தகமே முடிவுசெய்துவிடுகிறது. பயிலும் அமர்வுகளைப் பதிவிலிருந்து விலக்கி, மதிப்பீட்டை வேறொரு நாளில் வேறொருவரிடம் விடலாம். அதற்கு ஒவ்வொரு துறையிலும் கூடுதல் ஆசிரியர் வேண்டும், அவர்களுக்கும் பயிற்சி வேண்டும், நோயாளியாக நடிப்பவர்களுக்கு ஊதியம் வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள கல்லூரிகளில் இவற்றுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள் என்பது பாடத்திட்டக் குழுவோடு நிதித்துறையும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.